கோடைப் பயிற்சிக்கு நீ கேட்ட தாள்

குணசீலா,

இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இதுவரை உனக்கு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க முடியவில்லை. போன மாதம் எழுதிய கடிதத்தில் உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீ கேட்ட என் பழைய கொப்பியைக் கறையான் அரித்துவிட்டது என்று எழுதினேன் அல்லவா? அரிக்கவில்லை. அது என் பெட்டியில், உன் அப்பாவின் கல்யாண வேட்டிக்கு அடியில், நான் அட்டை போட்ட நீலக் கடதாசி கொஞ்சம் மங்கியதைத் தவிர வேறு பழுதில்லாமல் இருக்கிறது. உன் விடுதியில் உன்னைப் போலக் கடல் கடந்து வந்து படிக்கிற பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருப்பதாக எழுதியிருந்தாய். இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம். ஒளித்து வைத்தது போதும்.

நீ தை மாதத்தில் மதராஸிலிருந்து எழுதிய கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் வருடம் முடிந்து கோடை விடுமுறை வரப்போகிறது, பௌதிகம் படிக்கிற மாணவன் அந்த இரண்டு மாதமும் ஏதாவது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பழகினால்தான் மேற்படிப்புக்கு வழி கிடைக்கும், சம்பளம் தருகிற இடமாக இருந்தால்தான் விடுதி மூடியிருக்கும் காலத்தில் தங்கவும் சாப்பிடவும் முடியும், இங்கிருந்து நாங்கள் அனுப்ப நினைத்தாலும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு விடாது என்றெல்லாம் ஒரு கணக்குச் செய்கையைப் போலப் படிப்படியாக எழுதியிருந்தாய். பதினெட்டு இடங்களுக்கு எழுதிப் போட்டாய். பதினொரு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஆறு இடங்களில் இந்தியப் பிரஜைகளுக்கு மட்டும் என்றார்கள். பெங்களூரில் ஒரே ஒரு நிறுவனம், உன் புள்ளிகளைப் பார்த்துவிட்டு நேரில் வரச் சொன்னது. அங்கே எழுத்தர் உன்னிடம் பேசியதை நீ அப்படியே எழுதியிருந்தாய். "சிலோனா நீ? நல்லாத் தமிழ் பேசுறியேப்பா!" என்று முதலில் ஆச்சரியம். அப்புறம், "இந்தியப் பிரஜைன்னா உதவித்தொகை உண்டு. இல்லேன்னா சும்மா வந்து கத்துக்க, யாரு வேணாம்னா? காசு வேணும்னா உங்க நாட்டுலயே கேளு" என்றாராம். உன் அறைத் தோழன் உன்னைவிடக் குறைவான புள்ளிகளோடு அதே இடத்தில் இடம் வாங்கிவிட்டான் என்பதை ஒரு வரியில் எழுதி, பிறகு அந்த வரியை மெல்லிசாக அடித்திருந்தாய். அடித்தாலும் படிக்க முடிந்தது.

அந்த எழுத்தரே போகும்போது ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்று காட்டினால் நீ இந்தியப் பிரஜையாகப் பதிய விண்ணப்பிக்கலாம், விண்ணப்பித்த ரசீது இருந்தாலே அவர்களுக்குப் போதும், பங்குனி முடிவதற்குள் கொண்டுவந்தால் இடத்தை வைத்திருப்பார்கள். அதற்குத்தான் நீ என்னிடம் இரண்டு தாள்கள் கேட்டாய். ஒன்று, என் அப்பா எங்கே பிறந்தவர் என்று நான் சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி. மற்றது, சிறு வயதில் என் அப்பாவுக்காக நான் எழுதிய பிரஜாவுரிமைப் படிவத்தின் கரட்டுப் பிரதி. அதில் அவருடைய ஊரும் குலசாமி கோயிலும் எல்லாம் இருக்கிறது என்று எப்போதோ நான் சொன்னதை நீ நினைவில் வைத்திருந்தாய். கேட்டதோடு நிறுத்தவில்லை. "அம்மா, பதிவு கிடைக்கிற அன்று என் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும், பிறகு வீட்டுக்கு வருவதற்கும் விசா எடுக்க வேண்டும், அதையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தாய். நீ எதையும் மறைக்கவில்லை. மறைத்தவள் நான்தான்.

அந்தக் கொப்பியின் கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. ரத்தோட்டைப் பாடசாலைக்குத் தோட்டத்திலிருந்து நடந்து போய்ப் படித்த ஒரே பெண்பிள்ளை நான். எங்கள் ஆங்கில ஆசிரியைக்கு ஒரு விதி இருந்தது: கேள்விக்கு ஒரு சொல்லில் விடை எழுதினால் பாதிப் புள்ளிதான், முழு வாக்கியத்தில் எழுதினால்தான் முழுப் புள்ளி. நான் ஒரு நாளும் ஒரு சொல்லில் விடை எழுதியதில்லை. நாடு சுதந்திரம் அடைந்து, தோட்டத்து ஆட்கள் நாமெல்லாம் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்து, பிரஜையாக வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம் என்று இன்னொரு சட்டமும் வந்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளிலே அந்த ஆங்கிலப் படிவத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் படிவங்களை விரித்து உட்காருவேன். ஆட்கள் குளித்து, வெளுத்த உடுப்புப் போட்டு, கோயிலுக்கு வருவது மாதிரி வருவார்கள். பக்கத்துக் காம்பரா கருப்பாயிக்கா ஒவ்வொரு தடவையும், "ஏ புள்ள, எம் பேர நல்லா சுழிச்சு எழுது. பாக்குற தொர மயங்கிப் போகணும்" என்பார். "ஒம் பேர பாத்தே மயங்குனா, ஆள பாத்தா என்னாவான்?" என்று யாராவது சொல்ல, வரிசை முழுவதும் சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். பரீட்சை எழுதுகிறவள் சிரிக்கலாமா?

முதலில் கொப்பியில் கரட்டுப் பிரதி எழுதி, பிழை திருத்தி, அப்புறம் படிவத்தில் மையால் எழுதுவேன். இப்படிப் பதினொரு குடும்பத்துக்கு எழுதினேன். அப்பாவின் படிவம் வந்தபோது ஒரு கேள்வியில் நின்றேன். இலங்கையை விட்டு வெளியே போயிருக்கிறீர்களா, போயிருந்தால் எப்போது, எதற்காக, எவ்வளவு காலம் என்று அது கேட்டது. அப்பா போயிருக்கிறார். உன் மாமா முத்தையாவுக்கு முதல் முடி இறக்க வேண்டும் என்று துறையூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்கு அம்மாவையும் அவனையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் முடியைக் குலசாமிக்குத்தான் கொடுக்க வேண்டும், வேறெங்கேயும் இறக்கக்கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம். பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்று அழுது அடம்பிடித்து நான் மட்டும் கருப்பாயிக்காவோடு நின்றுவிட்டேன். ஒரு மாதத்தில் திரும்ப வேண்டியவர்கள். போன இடத்தில் அப்பாவுக்கு விஷக் காய்ச்சல் கண்டு, அது விட்டு மறுபடி வந்து, எழுந்து நடக்கவும் கப்பலுக்குச் சேர்க்கவும் காலம் போய், பதினான்கு மாதம் கழித்துத்தான் வந்தார்கள். வந்தவுடன் அப்பா பழையபடி பெக்டரியில் ரோலர் மெஷினுக்குப் போனார்.

"அத எழுதணுமா புள்ள?" என்று அப்பா கேட்டார்.

"கேட்டிருக்காங்கப்பா. கேட்டதுக்கெல்லாம் முழுசா எழுதணும்."

"சரி, எழுது. கொலசாமிக்குத்தானே போனேன், களவெடுக்கவா போனேன்?"

நான் எழுதினேன். கடலைப் பற்றியும், முடி இறக்கியதைப் பற்றியும், காய்ச்சலைப் பற்றியும், பதினான்கு மாதத்தைப் பற்றியும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் அதற்கு முன்னால் எழுதியதில்லை என்று பெருமைப்பட்டேன். பதினொரு படிவத்தில் நான்கில் இப்படி ஒரு குலசாமிப் பயணம் இருந்தது. நான்கையும் எழுதினேன்.

சில வருடம் கழித்து மாத்தளைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நானும் அப்பாவோடு போனேன். விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. வெயிலில் நடந்து வந்தோம் என்று உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். படிவத்தை ஆறுதலாக, வரி வரியாகப் படித்தார். ஒரு வாக்கியத்தின் முதல் பாதிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு, "இதை யார் எழுதியது?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி என்னைக் காட்டி, "எம் மக, ஐயா" என்றார். அதிகாரி என்னைப் பார்த்து, "உன் கையெழுத்து மிக நன்றாக இருக்கிறது" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் இருந்த சீமெந்து வியாபாரிக்குக்கூட அப்பா அதைச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்குமேல் இந்தத் தீவில் இல்லாதவர் இங்கே நிலையாக வசித்தவராகக் கருதப்படமாட்டார் என்று அதில் இருந்தது. நான்கு குடும்பத்துக்கும் அதே கடிதம், பெயர்கள் மட்டும் வேறு. கருப்பாயிக்கா தன் கடிதத்தை என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். வாசித்து முடித்ததும், "ஒன் எழுத்து அழகுல நாங்க கப்பலேறப் போறோம் புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்றும் பகிடி விடுகிற அதே குரலில்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் படிவம் எழுதிக் கொடுக்கவில்லை.

உன் அப்பாவின் படிவம் எப்படித் தப்பியது என்று உனக்குத் தெரியுமா? மாத்தளையில் பெட்டிஷன் எழுதுகிற ஒருவர் எழுதினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல். ஆம். இல்லை. இல்லை. இல்லை. உன் அப்பாவும் சின்ன வயதில் ஒரு தடவை அந்தக் கரைக்குப் போய் வந்தவர்தான், சில வாரம் மட்டும். அதை அந்த மனிதர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. உன் அப்பா தோட்டப் பாடசாலைக்கு மாஸ்டராக வந்து, என்னைக் கட்டி, நீயும் பிறந்த பிறகுதான் சான்றிதழ் கையில் கிடைத்தது. அதில் உன் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. நான் பிரஜையானது நான் எழுதிய எந்த எழுத்தாலும் இல்லை என்பதை அந்தச் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நாட்டுக்கும் நாட்டுக்கும் ஒப்பந்தமாகி ஆட்களைப் பங்கு பிரித்தபோது, இங்கே விண்ணப்பம் தள்ளப்பட்ட அப்பாவும் அம்மாவும் முத்தையாவும் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார்கள். நீ உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த வருடம் அவர்கள் புறப்பட்டது உனக்கு நினைவிருக்கும். மாத்தளை ஸ்டேஷனில் நீ பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாய். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "மனசுல ஒன்னும் வச்சுக்காத. ஒன் எழுத்து நல்லா இருக்குன்னு அந்த ஐயாவே சொன்னாருல்ல" என்றார். நீ அதைக் கேட்டிருக்க முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இப்போது புரிகிறதா, உன் கடிதத்தைப் படித்ததும் கொப்பி இல்லை என்று ஏன் எழுதினேன் என்று? அப்பாவுக்கு இங்கே கதவை அடைத்த அதே கொப்பிப் பக்கம் உனக்கு அங்கே கதவைத் திறக்கும் என்கிறாய். திறந்தால், நீ உள்ளே போன பிறகு அதுவே உனக்குப் பின்னால் இந்தப் பக்கம் அடைத்துக்கொள்ளும். அனுப்பாவிட்டால் உன் பௌதிகத்தை நானே கெடுத்தவளாவேன். அனுப்பினால் பெற்றவர்களை அனுப்பிய என் எழுத்தே பிள்ளையையும் அனுப்பிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்துத்தான் நிற்கிறது. கறையான்மேல் பழியைப் போட்டேன். கேட்ட கேள்விக்கு முழு விடை எழுதாமல் விட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். பிழையான இடத்தில் செய்துவிட்டேன்.

சும்மாவும் இருக்கவில்லை. உனக்கு இங்கேயே ஒரு கோடை வேலை தேடித் தரலாம் என்று புறப்பட்டேன். மாத்தளைக்குத் தெற்கே ஆற்றுத் தண்ணீரைத் திருப்பச் சுரங்கம் குடைகிறார்கள், அங்கே பாறையை அளப்பதற்கும் மின்சாரக் கருவிகளைப் பார்ப்பதற்கும் படித்த பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று பாடசாலையில் பேசிக்கொண்டார்கள். நான் படிப்பிக்கிற பாலர் வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு, உன் புள்ளிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். கந்தோரில் ஓர் இளம் எழுத்தர். மரியாதையானவர். நான் டீச்சர் என்றதும் எழுந்து கதிரை போட்டார். சிங்களத்தில்தான் பேசினோம்.

உன் புள்ளிகளைப் பார்த்து, "அப்பா! இவ்வளவா? டீச்சரின் மகன் கெட்டிக்காரன்" என்றார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, "பரம்பரைப் பிரஜையா, பதிவுப் பிரஜையா?" என்று கேட்டார்.

"பதிவு" என்றேன். ஒரு சொல்தான். கற்றுக்கொண்டிருந்தேன்.

அவர் பேனாவை மூடினார். "அப்படியென்றால் பரம்பரைக்காரர்களை எடுத்து முடிந்த பிறகுதான் டீச்சர். அதற்கும் மேலிடத்துக் கடிதம் ஒன்று வேண்டும். பிள்ளை இப்போது எங்கே?"

"மதராஸில் படிக்கிறான்."

"மதராஸிலா!" என்று அவர் முகம் மலர்ந்தது. எனக்கு உதவி செய்ய வழி கிடைத்துவிட்டது என்று மெய்யாகவே சந்தோஷப்பட்டார். "பிறகு எதற்கு இங்கே தேடுகிறீர்கள்? அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். அது உங்கள் நாடுதானே!"

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. பெங்களூர் எழுத்தர் உங்கள் நாட்டில் கேள் என்று உன்னிடம் சொன்னார். இந்த எழுத்தர் உங்கள் நாட்டில் கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், இரண்டு பேரும் கடலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே, "நீ என்னாத்துக்கு அங்க போன? கேட்டா நானே சொல்லியிருப்பேன்ல" என்றார். அடுத்த கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தலை நிமிராமலே, "அந்தக் கொப்பி கறையான் அரிக்கல, எனக்குத் தெரியும். வேட்டி எடுக்கப் போனேன்" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "குடுக்காட்டி அவன் வந்துருவான்னு நெனக்கிறியா? வருவான். வந்து இந்தத் தோட்டத்துலயே கணக்கப்பிள்ளை வேலைக்கு எழுதிப் போடுவான். ஒனக்குப் பக்கத்துலதான் இருப்பான். மூஞ்சப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா ஒன்னால?"

கொழுந்துக் கம்பி நினைவிருக்கிறதா உனக்கு? மேல் மலையிலிருந்து பெக்டரிக்குக் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் மாட்டி விடுவார்களே, அதன் கீழே நீ மணிக்கணக்காக நிற்பாய். ஒன்பது வயதில் உன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, ஈர நாளில் மூட்டை மெதுவாக வருகிறதா வேகமாக வருகிறதா என்று ஒரு மாதம் அளந்தாய். ஈர நாளில் கம்பி வழுக்குவதால் வேகம் என்றார் மேல் மலைக் கங்காணி. மூட்டையின் பாரம் கூடினாலும் வேகம் கூடுகிறதா என்று பார்க்காமல் சொல்லக்கூடாது என்று நீ அவரிடம் சண்டை பிடித்தாய். "என்னா மாஸ்டர், ஒங்க மகன் எனக்குக் கம்பி விடச் சொல்லித் தாறான்!" என்று அவர் வந்து முறைப்பாடு வைத்தார். அந்த முகத்தைத்தான் உன் அப்பா சொன்னார். அதைக் கணக்கப்பிள்ளைக் கந்தோரில் உட்கார வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

ஆகவே இந்த உறையில் இரண்டு தாள்களும் இருக்கின்றன. சத்தியக் கடதாசியில் திங்கட்கிழமை ஒப்பமிட்டேன். கொப்பியிலிருந்து அந்தப் பக்கத்தைத் தையல் பிரித்து எடுத்திருக்கிறேன். கிழிக்க மனம் வரவில்லை. அனுப்பினால் உடனே போய்ப் பதிந்துவிடு என்று நான் சொல்வதாக நினைக்காதே, பதியாதே என்றும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் எல்லாருடைய விடையையும் நானே எழுதினேன். உன் விடையை நான் எழுதமாட்டேன்.

ஆனால் அந்தத் தாளைக் கொண்டுபோவதற்கு முன் செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. உன் பதினெட்டு விண்ணப்பங்களின் பிரதியை அனுப்பியிருந்தாய், ஆசிரியை பரீட்சைத் தாளைப் படிப்பது போல் படித்தேன். எல்லாவற்றையும் பணிப்பாளர் அவர்களுக்கு என்றே எழுதியிருக்கிறாய். பணிப்பாளருக்கு வருகிற கடிதம் எழுத்தரிடம்தான் போகும், எழுத்தரிடம் இருப்பது விதிப் புத்தகம் மட்டும். உள்ளே உட்கார்ந்து எதையாவது அளந்துகொண்டிருக்கிற மனிதரின் பெயரைக் கண்டுபிடித்து அவருக்கு எழுது. உங்கள் கல்லூரி நூலகத்துச் சஞ்சிகைகளில் கட்டுரைகளின் அடியில் பெயர் இருக்கும் என்று நீதானே சொன்னாய்? அவர் என்ன அளக்கிறார் என்று படித்துவிட்டு, நீ என்ன அளந்திருக்கிறாய் என்று எழுது. கொழுந்துக் கம்பியைக்கூட எழுதலாம், வெட்கப்படாதே. நீ வெளிநாட்டு மாணவன் என்பதைக் கடைசி வரியில், மன்னிப்புக் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறாய். முதல் பந்தியிலேயே சாதாரணமாகச் சொல்லிவிடு. கடைசியில் சொன்னால் ஒளித்தது போலத் தெரியும், ஒளித்தது எப்படித் தெரியும் என்று எனக்கு இப்போது தெரியும். இன்னொன்றையும் நேராகக் கேள்: அந்த உதவித்தொகை அரசாங்கத்தின் பணமா, வேறு யாராவது அந்த ஆராய்ச்சிக்கென்று கொடுத்த பணமா? பிரஜைகளுக்கு மட்டும் என்ற விதி அரசாங்கப் பணத்தோடு வருகிறது என்று உன் கடிதங்களைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. வேறு பணமாக இருந்தால் அந்த மனிதரே தீர்மானிக்கலாம் போல, உன் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆட்கள், பிழையாகவும் இருக்கலாம். கேட்பதில் தவறில்லை.

ஒருவரும் சம்பளம் தராவிட்டால், சும்மா வந்து பழகு என்று சொல்கிற இடம் நீலகிரிப் பக்கத்தில் ஒன்று இருக்கிறதா பார். முத்தையா மாமா கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறான். உன் தாத்தாவும் பாட்டியும் அங்கே இரண்டு காம்பராவில் ஒன்றில் இருக்கிறார்கள். இரண்டு மாதம் தங்கச் சோறும் இடமும் கிடைக்கும். தாத்தாவின் போன கடிதத்தில், அங்கே அவரைச் சிலோன்காரர் என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார். கடிதத்தை எழுதிய முத்தையா அதற்குப் பக்கத்தில், அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான். இது நீ கேட்ட சம்பள வேலை இல்லை என்று தெரியும். வழி இல்லை என்று நீ பதிந்துவிடக்கூடாது, வேண்டும் என்று பதிந்தால் பதி. அதற்காகத்தான் சொல்கிறேன்.

இதைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போடப் போகிறேன். பங்குனி முடிய இன்னும் பதினாறு நாள் இருக்கிறது, எட்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து உறையை ஒட்டாமல் இரண்டு தடவை அடுப்பங்கரைக்குப் போய் வந்துவிட்டேன். உன் அப்பா கதவடியில் செருப்போடு நின்று, "பஸ் போயிரும் டீச்சர்" என்று பகிடியாகக் கூப்பிடுகிறார்.

கொப்பிப் பக்கத்தை யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு தடவை படி. சிவப்புப் பென்சில் கோடு இதில் இல்லை, அது படிவத்தோடு போய்விட்டது. அந்த அதிகாரி முதல் பாதியை மட்டும் கோடிட்டார். நீ போகிற கந்தோரிலும் முதல் பாதியைத்தான் படிப்பார்கள், அது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். பதினான்கு வயதில் நான் எழுதிய வாக்கியத்துக்கு இரண்டாவது பாதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் கீழே எழுதுகிறேன்.

என் அப்பா தம்பியின் முதல் முடியை எங்கள் சாமிக்குக் கொடுப்பதற்காக இந்தியாவுக்குப் போய்ப் பதினான்கு மாதம் அங்கே இருந்தார், காய்ச்சல் விட்டு நடக்க முடிந்தவுடன் தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

உன்
அம்மா